ஔலிஸ் கெத்துனன் பாய்ந்த தூரம்

அரிச்சுவடியில் ஔடதத்துக்குப் பிறகு
வேலையில்லாமல் கிடந்த எழுத்து
அவருடைய பெயரில்தான் எனக்குத் திரும்ப வந்தது.
ஔலிஸ். பின்லாந்து. கண்காணிப்புக் குழு.
ஓர்ஸ் ஹில் அலுவலகத்தில்
மேசைக்கு அந்தப் பக்கம் அவர்,
இந்தப் பக்கம் முறைப்பாடு,
நடுவில் மொழிபெயர்க்க நான்.

இறால்குழியில் ஒரு தாய்
மகனை ஏற்றிப்போன வானின் நிறம் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்:
"இவர் தன்ர ஊரில என்ன வேலை?"
பனிச்சறுக்கு என்று தொடங்கினேன்.
எங்களுக்குப் பனி மார்கழியில் உச்சந்தலையில் இறங்கித்
தடிமன் தருவது. அதில் எப்படிச் சறுக்குவது?
சுருக்கினேன்: "மலையில இருந்து பாயிறவர்."
அவள் குடாவுக்கு அப்பால் கோணமலையைப் பார்த்தாள்.
இராவணன் வெட்டில் பாய்ந்தவர்களை
இங்கே எல்லாருக்கும் தெரியும்.
"பாய்ஞ்சும் உயிரோடயோ?"

அதை அங்கே வைத்து மொழிபெயர்க்கவில்லை.
கங்கைத் துறையில் பாதை வரும்வரை காத்திருந்தபோது சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை.
"ஆறு செக்கன்," என்றார்,
"என் தொழில் அவ்வளவுதான். நாளுக்கு இரண்டு தரம்."

ஒன்பது வயதில் விறகுக் கொட்டில் கூரை; போனது ஒரு பல்.
பதினேழில் தேசிய அணி.
இருபத்துமூன்றில் உலகச் சாம்பியன், நூற்றுப் பதினாறு மீற்றர்.
"எங்கட ஜீப் இருபத்தாறை வரிசையா விட்டா
அவ்வளவு வரும்," என்றான் சாரதி முபாறக்,
அன்றிலிருந்து அவருக்குக் கதவு திறந்துவிட்டான்.

அந்தக் காலத்தில் ஸ்கீ இரண்டையும்
ஒட்டிப் பிடித்துப் பறப்பதுதான் அழகு.
இரண்டு ஈர்க்கு எடுத்து ஒட்டிக் காட்டினார்.
பிறகு எவனோ ஒருவன் முனைகளை விரித்தான்.
ஈர்க்குகள் விரிந்தன.
நடுவர்கள் சிரித்தார்கள், புள்ளியை வெட்டினார்கள்.
அவனோ இறங்காமல் போய்க்கொண்டே இருந்தான்.
இரண்டு பருவத்தில் எல்லாரும் விரித்தார்கள்.
"என் கால்களுக்கு ஒட்டத்தான் தெரியும்.
இருபத்தொன்பதில் அதை மறக்கப் பழகினேன்.
முழங்கால்தான் உடைந்தது."
கடைசிப் போட்டியில் நாற்பத்தோராம் இடம், ஒரு கம்பளித் தொப்பி.
அதன் பிறகு நீலத் தொப்பி. பிறகு இந்த வெயில்.

நடுவர் ஐந்து பேர்.
கூடின புள்ளியையும் குறைந்த புள்ளியையும் தள்ளிவிட்டு
நடு மூன்றைக் கூட்டுவார்களாம்.
அந்தக் கிழமைச் சம்பவத்துக்குக்
கடற்படை இரண்டு என்றது, மறுதரப்பு பதினொன்று.
ஆஸ்பத்திரி ஐந்து, பத்திரிகை ஆறு, பங்குத்தந்தை ஏழு.
பேனையைத் திறந்துவைத்துக்கொண்டு
நெடுநேரம் இருந்தார்.
பிறகு பிரேத அறைக்குப் போய் நாங்களே எண்ணினோம்.
அந்த எண்ணை நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஓகஸ்டில், தூரத்து மேசையொன்றில் ஒரு பட்டியல் மாறிற்று.
இன்னின்ன நாட்டார் இனி நடுவரில்லை.
தொலைநகலில் பின்லாந்து மூன்றாவது வரி.
"மறுபடியும் விதி," என்றார்.
அவர் சொன்னது போட்டி விதி.
தமிழில் அதற்கும் தலையில் எழுதியதற்கும் ஒரே சொல்.
நான் திருத்தவில்லை.

கடைசி மாலை கோணேசர் மலைக்கு ஏறினோம்.
விளிம்பு மரத்தில் நேர்த்திக்குக் கட்டிய தொட்டில்கள்
கடற்பக்கம் இழுபட்டுக்கொண்டிருந்தன.
விரலை நனைத்து உயர்த்தினார்.
"கச்சான்," என்றேன்.
முதுகுக் காற்று. அது அமத்தும்.
எதிரே வருவதுதான் தூக்குமாம்.
"இப்படி அடித்தால் பலகையை விட்டு எழும்பி
ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு
படியால் இறங்குவோம். யாரும் சிரிப்பதில்லை."
படியால் இறங்கினோம்.
ஒவ்வொரு படிக்கும் அவருடைய முழங்காலில் ஒரு சத்தம்.
கோட்டை வாசலில் மான்கள்
பிளாஸ்டிக் பை ஒன்றைத் தின்றுகொண்டிருந்தன.

அடுத்த மார்கழி, கிளிவெட்டி முகாம்.
பனிக்குத் தலையில் துவாய் போட்டபடி
அவள்தான் என்னை முதலில் கண்டாள்.
"அந்தப் பாய்ஞ்ச மனிசன் திரும்பி வருவாரோ?"
என் பையில் அவளுடைய கோப்பின் பிரதி இருந்தது.
வான்: வெள்ளை, என்று அவருடைய சரிந்த எழுத்தில்.
கீழே முடிவு என்ற கட்டம், வெறுமையாக.

"காத்துப் பார்த்து வருவாராம்," என்றேன்.
எந்த மொழியிலிருந்து அதைப் பெயர்த்தேனோ தெரியாது.