அஞ்சு பிளேன்ரீ

படிவத்தின் முதற் கேள்வி: வேலைகொள்வோர் யார்?
பேனையை மூடி வைத்தேன்.
அதைத்தானே நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

கஜீபன் கதிரையின் நுனியில் இருந்தான்.
சேட்டின் வலக்கையை முழங்கைக்கு மேலே மடித்து
ஊசி குத்தியிருந்தது. சேட்டுப் புதிது.

மானிப்பாயில் ஒரு கலியாண மண்டபம், இரண்டாந் தட்டு.
பன்னிரண்டு மில்லிக் கம்பி, இருபதடி நீளம்.
கீழேயிருந்து ஒருவன் தூக்கிக் கொடுக்க
மேலே இவன் வாங்கித் திருப்பினான்.
லைன் எவ்வளவு உயரத்தில் போனது என்று கேட்டேன்.
எழுந்து நின்று, இருக்கிற கையை
என் மின்விசிறியை நோக்கி நீட்டிக் காட்டினான்.
விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
போய் நிறுத்தினேன்.

"கரண்டை நிப்பாட்டச் சொல்லி சபைக்கு அறிவிச்சவையோ?"
"அறிவிச்சா ரெண்டு நாள் வேலை மினக்கெடும் எண்டவர்."
"ஆர்?"
"கொந்தராத்துக்காரர்."

கொந்தராத்துக்காரர் சிவநேசராசா
எழுத்தில் அனுப்பிய பதில் ஒன்றரை வரி:
மேற்படி நபரை எனக்குத் தெரியாது.
வேடிக்கை பார்க்க ஏறியிருக்கலாம்.

சம்பளத் துண்டு இல்லை. சேமலாப நிதி இல்லை.
"சனிக்கிழமையில கையில தருவார்."
எந்தக் கையில் என்று கேட்காமல்
'கைக்காசு' என்று எழுதினேன்.

சட்டத்தின் அட்டவணையில் உறுப்புகளுக்குக் கணக்கு இருக்கிறது,
முழங்கைக்கு மேலே இவ்வளவு, கீழே இவ்வளவு.
பெரியாஸ்பத்திரியில் அளந்து எழுதித் தந்தார்கள்.
கையை அளக்க முடிந்தது.
ஆளைத்தான் காட்ட முடியவில்லை.
வங்கியில் இவன் இடக்கையால் போட்ட கையெழுத்தைப் பார்த்து
ஒருவர் கேட்டாராம்: "இது நீர்தானோ?"

மண்டபத்துக்கு எதிரே றெஜினாவின் தேத்தண்ணிக் கடை.
கொந்தராத்தின் கடன் முழுக்க ஒரு சீஆர் கொப்பியில்,
சீனிப் பிசின் ஒட்டிய பக்கங்கள்.
தர யோசித்தா. அந்தாள் இன்னும் நாலாயிரத்துச் சொச்சம்
குடுக்க இருக்கு, கொப்பி துலைஞ்சா காசும் துலைஞ்சுது.
கடை வாசலில் நின்று
ஒவ்வொரு பக்கமாய்ப் படம் எடுத்தேன்.

பதினெட்டு நாள். காலமை பத்து: அஞ்சு பிளேன்ரீ.
பின்னேரம் மூண்டு: அஞ்சு பிளேன்ரீ, அஞ்சு வாய்ப்பன்.
பத்தொன்பதாம் நாள் காலமை அஞ்சு.
பின்னேரம் ஒரு கோடு.
ஏன் போட்டது என்று கேட்டேன். "வெறுமையா விட மனம் வரேல்லை."
இருபதாம் நாள் காலமை:
அஞ்சு.

திகதியைத் திரும்பப் பார்த்தேன்.
கஜீபன் நினைவில்லாமல் கிடந்த காலை அது.

விசாரணையில் எதிர்ப்பக்கச் சட்டத்தரணி
அமைதியாகத்தான் கேட்டார்:
ஆள் குறையவேயில்லையே, அப்போ விழுந்தது யார்?
தவணை ஆவணிக்குப் போனது.
வெளியே வந்து கஜீபன் இடக்கையால்
மோட்டார்சைக்கிள் ஒன்றைத் தள்ளி எனக்கு வழிவிட்டான்.

அந்தக் கிழமையே, மழைக்குள்,
ஒரு பெடியன் சைக்கிளில் வந்தான்.
இருபதாம் நாளின் அஞ்சாவது பிளேன்ரீ.
சாட்சி சொல்லவோ என்றேன்.
"அதைப் பிறகு பாப்பம்."
தலையைத் துவட்டத் துவாய் கொடுத்தேன், வாங்கவில்லை.
"நாளைக்கு மூண்டாந் தட்டுக்குக் கம்பி ஏத்தினம்.
லைன் இன்னும் அதாலதான் போகுது, மிஸ்.
நிப்பாட்டாமல் ஏறச் சொன்னா
மாட்டன் எண்டு சொல்லலாமோ?"

ஓம் என்றேன். உடனே சொல்லிவிட்டேன்.
பிறகுதான் நினைத்தேன்,
இவன் மாட்டேன் என்றால் நாளை மறுநாள்
றெஜினாவின் கொப்பியில் எத்தனை இருக்கும் என்று.
அஞ்சுதான் இருக்கும்.

இரும் என்று சொல்லி
மின்சார சபைக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன்.
பேர்?
பேர் போடவேணுமோ என்றான்.
போடாமலும் எழுதலாம்.
கம்பத்தின் இலக்கம் தெரியுமோ?

அது தெரியும் என்றான்.
கண்ணை மூடிக்கொண்டு
ஒவ்வொரு எழுத்தாய்ச் சொன்னான்.