சொல் நின்ற இடம்

ஃப்ளீட்வுட் துறைமுகக் காவல் நிலையத்தில்
வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்பவன் நான்.
எனிட் பிக்கர்ஸ்கில் வந்தபோது மழை.
கோட்டைக் கழற்றவில்லை.

'ஆட்லி' என்ற சொல்லோடு அவள் தொடங்கினாள்.
நான் அதை வாக்கியத்தின் வாலில் கட்டினேன்:
அவர் கதவை விசித்திரமாகச் சாத்தினார்.

படித்தாள். விரலை வைத்தாள்.
"இல்லை தம்பி.
சாத்தியது எல்லாரையும் போலத்தான்,
தோளால் ஒரு இடி, தாழ்ப்பாள் விழுந்தது.
சாத்தியதுதான் விசித்திரம்.
முப்பத்தொரு வருஷம்
திறந்துபோட்டுவிட்டே கடலுக்குப் போன மனுஷன்.
எழுந்து மூடுவது என் வேலை.
திட்டிக்கொண்டே மூடுவேன்."

சார்ஜென்ட் டக்வொர்த் உள்ளிருந்து சொன்னார்:
அந்தச் சொல்லையே எடுத்துவிடு,
கதவு சாத்தினார், போதும், அதுதான் சாட்சியம்.

எடுக்கவில்லை.
மூன்று கார்பன் தாள்களையும் உருவிப் போட்டு
மறுபடி முதலிலிருந்து.
சொல்லை முன்னால் தனியே நிறுத்தி
பக்கத்தில் ஒரு காற்புள்ளி.

அவள் மேசையில் ஒரு கையுறை வைத்தாள்,
இடது கை, தார் நாற்றம்.
ரேடியேட்டர் மேல் கிடந்ததாம்.
ஜோடியில்லாததற்கும் அதே சொல்தான் எங்கள் மொழியில்,
'ஆட்'.
பொருள்பட்டியலில் அப்படியே அடித்தேன்:
கையுறை, ஒற்றை.

மூன்று வாரம் கழித்துத் தொலைபேசி.
படகைப் பற்றி அவள் கேட்கவில்லை.

"அந்தக் காற்புள்ளி இன்னும் இருக்கிறதா?"

கோப்பை எடுத்துப் பார்த்துவிட்டு
இருக்கிறது என்றேன்.