மணல் விழாத ஆண்டு

அரைவட்டக் குழாயைத் திருப்பித் திறந்ததும்
அழுகிய முட்டை நாற்றம்.
மூக்கைப் பொத்தவில்லை ஓதீல் பெல்ஃபோன்டேன்,
இந்தச் சதுப்பின் உரிமைக்காரி.
"மார்ச் மாதத்தில் எங்கள் சமையலறைக்கும் இதே வாசனைதான்"
என்றாள், முழங்கால் பூட்ஸில் நின்றபடி.

நோவா ஸ்கோஷியாவின் உப்புப்புல்
கடல் ஏற ஏறத் தானும் ஏறும்,
செத்த வேரின் தோள்மேல் கால் வைத்து.
ஒரு முழம் கரிய மண் எடுத்து வந்தேன்.
விரற்கடை விரற்கடையாக அறுத்து,
கழுவி, சலித்து,
ஒற்றை முடித் தூரிகையால் எண்ணத் தொடங்கினேன்:
மணல்துகள் பொறுக்கி ஒட்டி வீடு கட்டிக்கொண்ட
ஓரணு உயிர்கள். பழுப்பு. கடுகில் பத்திலொன்று.
சில, பௌர்ணமி அலை மட்டும் தொடும் மேட்டில் வாழ்ந்தவை.
சில, தினமும் நனைந்தால்தான் பிழைத்தவை.
எது எத்தனை என்று தெரிந்தால்
எந்த மட்டத்தில் நின்றது கடல் என்று தெரியும்.
முந்நூறு எண்ணினால் ஒரு விரற்கடை தீரும்.
அப்புறம் அடுத்தது.

ஆண்டுகளுக்கு வேறு சாட்சிகள்.
குண்டுச் சோதனைகள் தூவிய சீசியம்
அறுபத்து மூன்றைக் காட்டிக் கொடுக்கும்.
பெட்ரோலில் ஈயம் கலந்தவர்களும்
கைநாட்டு வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.
நான் பிறந்த ஆண்டு
பதினோராவது சென்டிமீட்டரில் இருந்தது.
அதையும் கழுவிச் சலித்தேன்.

அக்டோபரில் ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள்.
ஐம்பத்தெட்டில் ஒரு புயல்.
அண்ணன் ரெமியும் படகும் திரும்பவில்லை.
"அதைக் காட்டு."
எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் வைத்தேன்.
இருபதாவது சென்டிமீட்டர். சற்று மேலே. சற்றுக் கீழே.
வேர். வேர். வேர்.
புயல் மணலை வாரி இறைத்திருந்தால்
வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். விழவில்லை.
காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசியிருக்கலாம் என்று இழுத்தேன்.
"வடமேற்கு" என்றாள்.
"எங்கள் அடுப்புப் புகை கடல்பக்கமே போய்க்கொண்டிருந்தது.
எனக்கு எட்டு வயது."

முப்பத்தாறாவது சென்டிமீட்டரிலோ
இரண்டு விரல் தடிமனுக்கு வெண்மணல்.
அன்று யார் போனார்கள் என்று
ஊரில் ஒருவருக்கும் தெரியாது,
மாதா கோயில் பதிவேட்டிலும் கிடையாது.
கண்ணாடியைக் கழற்றிவிட்டு
அதையே வெகுநேரம் பார்த்தாள்.

எழும்போது கேட்டது ஒன்றுதான்:
"தண்ணீர்?"
நீங்கள் பிறந்ததிலிருந்து ஒரு சாண் ஏறியிருக்கிறது என்றேன்.
கையை விரித்து மேசைமேல் வைத்தாள்,
கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை,
மூட்டுவலியில் வளைந்த விரல்கள்
எவ்வளவு விரியுமோ அவ்வளவு.

"என் சாணா, உன் சாணா?"