கேட்பாரில்லாத சூடு

மூன்றாம் ஷிஃப்ட்.
ஜாக்கெட் தண்ணீர் எண்பத்தாறு டிகிரி.
புகை நானூற்றுப் பத்து.
எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

நூறு பங்கு வாயு எரித்தால்
நாற்பது மின்சாரம், நாற்பத்திரண்டு சூடு.
அந்தச் சூட்டில்தான் விடுதிக்கு இட்லி வேகிறது.
அந்தச் சூட்டில்தான், சொன்னால் நம்பமாட்டார்கள்,
நூலகம் குளிர்கிறது.
மீதிப் பதினெட்டை யாரும் கேட்பதில்லை.

தீபாவளிக்கு மறுநாள்.
விடுதி காலி, நூலகம் பூட்டு.
நீடாமங்கலம் லைன் நேற்றே போய்விட்டது.
உறைபெட்டியில் விதைநெல் தூங்குவதற்காக
ஒரே ஒரு இன்ஜின் ஓடுகிறது.
ஆளில்லாத சூட்டை
நான்கு விசிறிகள்
கொல்லைப்பக்கத்து மழையில் ஊதித் தள்ளுகின்றன.

கேட்டில் வைரக்கண்ணு,
உரச்சாக்கைக் கொங்காணி போட்டு.

"எங்க வயலுக்கு அடியிலதான் வருது இந்தக் கேஸு.
மஞ்சக் கல்லு நட்டு, தோண்டாதேன்னு எழுதியிருக்கான்.
அதப் பேச வரல.
மதிலுக்கு அந்தாண்ட நின்னேன், காத்து சுட்டுச்சு.
நெல்லு இருபத்திரண்டுல நிக்குது.
டிபிசியில பதினேழு தாண்டுனா எடுக்க மாட்டான்.
அடிக்குவியல் முளை கட்டிடுச்சும்மா."

பாதுகாப்புக் கையேடு, பக்கம் ஒன்பது.
எனக்கு மனப்பாடம்.
நஜ்முதீன் ஒன்றும் சொல்லவில்லை,
சைக்கிள் கொட்டகைச் சாவியை மட்டும்
மேசையில் வைத்தார்.

விசிறிக்கு இருபதடி தள்ளி,
வாயு மீட்டர் அறைக்கு எதிர்ப்புறம்,
மாணவர் சைக்கிள் நிற்கிற தகரத்தடியில்
பத்தொன்பது மூட்டை குறுவை.
கமலவேணி காலால் வரிவரியாகக் கிளறிப் போனாள்,
திரும்பி வந்தாள், மறுபடி போனாள்.
புளித்த வாசனை.
விதை ஆய்வகத்து ஈரமானி
இரண்டு மணிக்கு இருபத்தொன்று என்றது.

போதாது.
காற்று வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.
பாதி லோடில் ஓடும் இன்ஜினுக்கு
சூடு இவ்வளவுதான் வரும்.
சூடு வேண்டுமென்றால்
மின்சாரம் எங்காவது செலவாக வேண்டும்.

கலையரங்கத்து மின்விசிறிகளைப் போட்டேன்.
வேதியியல் மாடி நான்கும்.
கடைசியில் கைப்பந்து மைதான விளக்குகள்.
கோரையாற்றுக்கு அக்கரை வரை ஊரே இருட்டு,
இங்கே யாரும் ஆடாத மைதானத்தில்
மழை வெள்ளை வெளேரென்று விழுந்தது.

அவர் நிலத்தடி வாயுவை
இன்னும் கொஞ்சம் எரித்து
அவர் நெல்லைக் காய வைக்கிறேன்.
இந்தக் கணக்கை நஜ்முதீனிடம் சொன்னேன்.
"மேடம், டீ ஆறுது" என்றார்.

மூன்றரைக்குப் பத்தொன்பது.
நாலே முக்காலுக்குப் பதினெட்டு.

லாக் புத்தகத்தில் ஒரு கட்டம்:
லோடு கூடியதற்குக் காரணம்.
'சோதனை ஓட்டம்' என்று எழுதி
அடித்தேன்.
'நெல்' என்று எழுதினேன்.
அதை அடிக்கவில்லை, இன்னும்.

ஐந்தே முக்கால். பதினேழரை.
கமலவேணி மழையைப் பார்க்கவில்லை,
என் கையிலிருக்கிற ஈரமானியைப் பார்க்கிறாள்.
ஆறு மணிக்கு வேறு ஆள் வருவார்.