தயாரித்தவர்

முதல் ஆண்டு முழுக்க
ஜாடிகளுக்கு லேபிள் எழுதினாள் நெரிஸ்.
ஸ்வான்சீயில் பழைய எரிவாயு ஆலை நிலம்.
மழை மையைத் தின்றது;
பென்சிலுக்கு மாறினாள்.

துளையிடும் கெத்தின் கத்துவான்:
"களியா, வண்டலா? சீக்கிரம்!"
விரலிடுக்கில் உருட்டுவாள்.
திரிந்து நூலானால் களி, உதிர்ந்தால் வண்டல்.
சில நாள் இரண்டுமில்லை,
வெறும் குளிர்.

அடுத்த மார்ச்சில், மூன்றாம் குழியில்,
இரண்டு மீட்டருக்குக் கீழே
தார் வாடை.
வரைபடத்தில் அங்கே புல்வெளி.
கையைத் தூக்கினாள்.
குரல் நடுங்கிற்று, கை இறங்கவில்லை.
இயந்திரம் நின்றது.
ஒப்பந்தக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்,
பிறகு அவளை,
மறுபடி கடிகாரத்தை.

அறிக்கையின் முதல் பக்கம்.
'தயாரித்தவர்' கட்டத்தில் முதன்முறையாக அவள் பெயர்,
ஓர் எழுத்துப் பிழையோடு.
திருத்தித் திருப்பி அனுப்பினாள்:
பதிப்பு இரண்டு.

சம்பளம் இன்னும்
பதிப்பு ஒன்றுதான்.