நச்செழுத்து ஒன்பது

செவ்வாய்ப்பேட்டை, மூன்றாவது மாடி.
கீழ்ப் பட்டறையின் அமில வாசம் படியேறி வரும்.
ராஜ்கோட்டில் சம்பளம் கூடுதல் என்று
இளம்பரிதி போய்விட்டான்.
அவன் மேக்கில் விட்டுப்போன
நாலாயிரத்து நூற்றுப் பதினெட்டுக் கொலுசுகளை
முதலாளியின் பழைய விண்டோஸில் ஏற்றவேண்டும்.
ஒரு ராத்திரி வேலைதானே, என்றார்கள்.

பன்னிரண்டாவதில் நின்றது.
இந்தப் பெயரில் ஆகாத எழுத்து இருக்கிறதாம்.

பி.ஏ. தமிழில் நச்செழுத்து என்று ஒரு பாடம் வரும்.
பாட்டின் முதலில் அதை வைத்தால்
பாட்டுடைத் தலைவனுக்குக் கேடு.
ஐந்து மார்க்குக்குப் படித்து
அன்று மாலையே மறந்தேன்.
இங்கே ஒன்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள்.
முக்காற்புள்ளி மட்டும்
இரண்டு பெட்டிக்குமே ஆகாதது,
அதனால் அவன் தொடவில்லை.
மற்ற எட்டையும் வாரி இறைத்திருந்தான்.

எடைச்சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்:
சாய்கோட்டுக்குச் சிறுகோடு.
நட்சத்திரத்துக்குக் கூட்டல்.
மேற்கோள் போகட்டும், யாரும் பேசவில்லை.

குழந்தை 5 1/2 என்பது
குழந்தை 5 1-2 ஆனது.
ஒன்றிலிருந்து இரண்டு வயது, ஐந்து அங்குலம்
என்று படித்தார் வார்ப்பு அங்கமுத்து.
நாற்பது ஜோடி. ஒன்றிலும் கொக்கி எட்டவில்லை.
அந்த அரை அங்குலத்தை
என் சம்பளத்தில் பிடித்தார்கள்.

அவன் நட்சத்திரம் போட்டது
கடைக்காரர்கள் திருப்பி அனுப்பியதற்கு,
ஒரு தடவைக்கு ஒன்று.
அது எனக்கு யார் சொன்னது?
மாங்காய்ப்பிஞ்சு மூன்று கூட்டலோடு நின்றதைப் பார்த்த முதலாளி
அதையே முதல் தட்டில் வைத்துக்
கண்காட்சிக்குக் கொண்டுபோனார்.
மத்தியானத்துக்குள் விற்றுத் தீர்ந்தது.
இதை யாரும் என் சம்பளத்தில் சேர்க்கவில்லை.

வினாக்குறிகள்தான் நிறைய.
மணி உதிருமா?
திருகு தேயுமா?
சேட்டு ஒத்துக்குவாரா?
ஒவ்வொன்றாகக் கொக்கியைக் கழற்றினேன்.
கேள்வி போகவில்லை.
உதிருமா. தேயுமா. ஒத்துக்குவாரா.
வாயை ஆவென்று திறந்தபடி
கடைசி எழுத்தில் அப்படியே நிற்கிறது.
விண்டோஸுக்கு அது வெறும் துணைக்கால்.
கொலுசுக் கடையில்
காலை யார் தடுப்பது.

விடியற்காலை இன்னொரு கூத்து.
கொலுசு என்று ஒரு பெட்டகம்,
பக்கத்திலேயே கொலுசு என்று இன்னொன்று.
எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன்,
மயிரிழை வித்தியாசம் இல்லை.
நான் அடித்த கொ ஒரே எழுத்தாம்.
அவன் மேக்கிலிருந்து வந்த கொவில்
கொம்பு தனி, கால் தனி,
நடுவில் ககரம்;
கண்ணுக்கு மட்டும் சேர்ந்து நிற்கிறார்கள்.
அப்படி நிற்கிறவர்களை
எனக்கும் சிலரைத் தெரியும்.
ஒன்றை அழிக்கப் போய் அழிக்கவில்லை.

கடைசியாக ஒன்று மிச்சம்.
பெயரே வெறும் வினாக்குறி.
எடுத்தால் ஒன்றும் மிஞ்சாது,
பெயரில்லாததை அது வாங்காது.
திறந்து பார்த்தேன்:
ஒற்றைக் கொலுசு, ஜோடி வரையவில்லை,
உள்வளைவில் அளவு குறித்திருக்கிறது,
ஒன்பதேகால்.
எனக்கு ஒன்பதேகால்.
ஊரில் எத்தனை பேருக்கோ ஒன்பதேகால்.

ஏழு மணிக்கு ராஜ்கோட்டுக்குப் போன் போட்டேன்.
பின்னால் ஏதோ மெஷின் இரைச்சல்.
பெயரே இல்லாமல் ஒன்று வைத்திருக்கிறாயே,
அதற்கு என்ன பெயர் போட, என்றேன்.
அதுவா, என்றான்.
மெஷின் கொஞ்ச நேரம் ஓடியது.
அப்புறம் சேலத்தில் மழையா என்று கேட்டான்.

அதுவா, என்று அடித்தேன்.
மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.