இரண்டு விரல்

ஆனி பிறந்தால் பணகுடிக்கு மேற்கே
மலை இடுக்கில் காற்றை அவிழ்த்து விடுவார்கள்.
காற்றாலைக் கம்பெனிக்கு அதில்தான் வரும்படி,
கணக்கு எழுதும் எனக்கும்.
ஆனால் நாற்கரச் சாலையில் என் மாருதி எண்ணூறுக்கு
அது விலாவில் இடிக்கும் தோள்.
கன்டெய்னர் லாரி ஒன்று கடந்தால்
அரை முழம் தள்ளிப் போய்த்தான் நிலைக்கு வரும்.
ஸ்டீயரிங்கை இரு கையாலும் இறுக்கி
கர்த்தரே என்பேன், தினம் நாலைந்து தடவை.

தொண்ணூற்றேழாம் வருட வண்டி.
டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே
நாலு விரல் நுழையும், மோதிரத்தோடு.

பேட்டையில் காயலான் கடை மீரான் பாய்
நொறுங்கிய ஜென் ஒன்றைக் காட்டினார்.
முகம் போயிருந்தது. கால்கள் நன்றாக இருந்தன.
முன்னுக்கு இரண்டு ஸ்ட்ரட், பின்னுக்கு இரண்டு ஸ்பிரிங்,
மூவாயிரத்து நானூறு.
"யாருக்கும்மா?" என்றார். எனக்கு.
"இல்ல, மாட்டப் போறது யாருன்னு கேட்டேன்."
அதற்கும் அதே பதில்.

வள்ளியூர் பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட் போட்டுக் கொண்டு வந்தேன்.
எதிர்வீட்டு சொர்ணம் அக்கா பார்த்துவிட்டு,
"ஏட்டி, ஊரு ஒலகம் கடன் வாங்கி ஒசத்திக் கட்டுது,
நீ கடன் வாங்கித் தாழ்த்துதியா?"

ஸ்பிரிங்கை லேசாக நினைக்கக் கூடாது.
வெல்டர் வளைத்துக் கொடுத்த கொக்கிகள், மரைக் கம்பி இரண்டு,
மேலே சுற்றிய கோணிச் சாக்கு.
இந்தப் பக்கம் மூன்று சுற்று, அந்தப் பக்கம் மூன்று சுற்று,
சண்டைக்காரப் பிள்ளைகள் இருவருக்குச் சோறு போடுவதுபோல்
ஒரு பருக்கை கூடாமல்.
அமுங்கிய ஸ்பிரிங் சத்தம் போடாது.
அதுதான் பயம்.
ஞானதுரை நடையில் நின்று ஜெபம் பண்ணினான்.
மனசுக்குள் பண்ணு, சுற்று தப்புகிறது என்றேன்.

மேல் போல்ட் சேர்ந்தது. கீழ் ஓட்டை சேரவில்லை.
ஒரு நெல் கனம்.
அந்த ஒரு நெல்லுக்கு அரை வட்ட அரத்தை எடுத்து
ஒரு சாயங்காலம் முழுக்க ராவினேன்.
இரும்புத் தூள் வியர்வையில் ஒட்டி
முழங்கை வரை மினுங்கியது.
பிரேக் ஹோஸ் பிடிக்கிற தகடும் இடம் மாறியிருந்தது.
கம்பியால் கட்டிவிடலாம் என்று கை சொன்னது.
கையை நம்பாமல்
பழைய கதவுக் கீல் ஒன்றை வெட்டித் துளை போட்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து ஜாக்கை இறக்கினால்
வண்டி இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது.
"ரகசியம் கேக்க மாதிரில்லா நிக்கி,"
சொர்ணம் அக்காதான்.
மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன்.
வலது ஸ்பிரிங்கின் நுனி தன் குழியில் உட்காராமல்
படியேறி நின்றிருக்கிறது, எனக்குத் தெரியாமல்.
உட்கார வைத்தேன்.
இரண்டு விரல். நாலு சக்கரத்துக்கும் இரண்டே விரல்.
அலைன்மென்ட் பையன் குனிந்து பார்த்து
"இது எந்த வண்டிக் காலுக்கா?" என்றான்,
உள்ளே சாய்ந்த சக்கரத்தை நிமிர்த்தியபடி.

சும்மா கிடைக்கவில்லை.
பள்ளிக்கூடத்து வேகத்தடை வந்தால்
தொண்ணூற்றாறு கிலோ ஞானதுரை இறங்கிவிட வேண்டும்.
இஸ்திரி போட்ட சட்டையோடு ஓரமாக நடப்பான்.
நான் கோணலாக ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கி
அந்தப் பக்கம் காத்திருப்பேன்.
"நடந்து நடந்து ரெண்டு கிலோ குறைஞ்சுட்டேன்."
நம்பவில்லை. ஆனாலும் விரல் விட்டுப் பார்த்தேன்,
மட்கார்டில்.

ஆடி முதல் வாரம்.
அதே இடம், அதே நேரம், பின்னால் வந்த கன்டெய்னர்
கண்ணாடியை நிறைத்து, கடந்து, போனது.
காற்று தோள் கொடுத்தது.
வண்டி கொஞ்சம் யோசித்தது, தன் கோட்டிலேயே நின்றது.

பழக்கத்தில், 'கர்' வரைக்கும் வாயில் வந்துவிட்டது.
மிச்சத்தை
வேகத்தடைக்கு வைத்துக்கொண்டேன்.